கம்பிச் சுருக்கில் சிக்கிய முன்னங்கால்: நரம்பை விறைக்க வைத்து ஒரு நாயின் விரலை அகற்றிய நிகழ்வு

பசுவின் வயிற்றைக் கீறிக் கன்று எடுக்க வேண்டி வந்தால், மட்டக்களப்பில் மாடு பார்க்கும் வைத்தியர் முதலில், வெட்டும் இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கும் விறைப்பூசியைத்தான் தேடுவார். பசு நின்றபடியே இருக்கிறது, நொந்தால் உதைக்கும். அதே கையால் ஒரு நாயின் காலைத் தைக்கும்போது மயக்க ஊசியை மட்டும் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது இன்னும் நடக்கிறது. நாய் அசையாமல் கிடக்கிறது, யாரையும் கடிக்கவில்லை, ஆகவே நோவில்லை என்று எடுத்துக்கொள்கிறோம். அசையாமல் கிடப்பது வேறு, நோவில்லாமல் கிடப்பது வேறு. கீழே உள்ள நிகழ்வை விரிவாக எழுதுவதற்கு அதுதான் காரணம். இந்த நாய்க்கு ஆழ்ந்த மயக்கம் கொடுக்க நான் தயங்கினேன். அதனால் விறைப்பூசியே முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டி வந்தது. அது எவ்வளவு சுமக்கும் என்பதைப் பார்க்கவும் முடிந்தது.

வந்த நிலை

ஆயித்தியமலைப் பக்கத்து வயல்காரர் ஒருவரின் நாய். நாட்டு இனம், கடுவன், வயது ஒன்பதுக்கு மேல், எடை 14 கிலோ. வேளாண்மைக்குள் இறங்கும் பன்றிக்கு யாரோ மோட்டார் சைக்கிள் பிறேக் கம்பியில் கட்டிய சுருக்கு அது. மூன்று இரவுகள் காணாமல் போயிருந்த நாய், கம்பியை அறுத்துக்கொண்டு அதன் ஒரு முழ நீளத்தை இடது முன்னங்காலில் இழுத்தபடி வீட்டுக்கு வந்திருக்கிறது. ஐயாவும் மகளும் சாக்கில் சுற்றி, த்ரீவீலரில் வலையிறவுப் பாலம் தாண்டிக் கொண்டுவந்தார்கள்.

நான் முதலில் கேட்டது விசர்நாய்த் தடுப்பூசி பற்றி. மூன்று நாள் வெளியில் திரிந்து, கிட்டப் போனால் உறுமும் நாயை இலங்கையில் அந்தக் கேள்வி இல்லாமல் தொடக்கூடாது. வருடா வருடம் போட்ட அட்டை மகளின் கையில் இருந்தது. உடம்பில் கடிகாயம் எதுவும் இல்லை. விழுங்குவதிலும் நடத்தையிலும் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. சரி என்று வாய்க்குக் கட்டுத் துணி போட்டுப் பரிசோதித்தோம்.

கம்பி நான்காம், ஐந்தாம் விரல்களைச் சேர்த்து இறுக்கியிருந்தது. வெளிப்பக்கத்து ஐந்தாம் விரல் கறுத்து, குளிர்ந்து, நாறத் தொடங்கியிருந்தது. நான்காம் விரலில் தோல் வட்டமாக அறுந்திருந்தாலும் சூடு இருந்தது, நகத்தடி சிவப்பாக இருந்தது. வீக்கம் மணிக்கட்டைத் தாண்டி ஏறியிருந்தது. காய்ச்சல் 39.8 பாகை செல்சியஸ். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 148. தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் இறங்கியது. சுமார் ஏழு சதவீத நீரிழப்பு என்று கணித்தேன். இடது மார்பில் தெளிவான ஓர் இரைச்சல் கேட்டது. ஆறில் மூன்றாம் தரம். வயதான சிறிய, நடுத்தர நாய்களில் இரட்டை இதழ் வால்வு தடித்து ஒழுகும்போது கேட்கும் அதே இடம், அதே சத்தம். இருமல் இல்லை, மூச்சு வேகம் கூடவில்லை, நுரையீரல் தெளிவு.

இரத்தத்தில் செவ்வணுக்களின் அளவு 34 சதவீதம். நீரிழப்பு இந்த எண்ணைக் கூட்டிக் காட்டும் என்பதால் சேலைன் ஏற்றிய பிறகு திரும்பப் பார்த்தேன். 29 இருந்தது. ஆரோக்கியமான நாயில் 37க்குக் குறையக்கூடாது. உண்ணிக் காய்ச்சல் கிருமிக்கு இரத்தப் பூச்சு பார்த்ததில் ஒன்றும் தெரியவில்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இயல்பு அளவில் இருந்தது.

நோவை எண்ணால் குறிக்க கிளாஸ்கோ சுருக்க அளவுகோலைப் பயன்படுத்துகிறேன். முனகுகிறதா, புண்ணை நக்குகிறதா, எழுந்து நடக்கிறதா, புண்ணைச் சுற்றி அழுத்தினால் என்ன செய்கிறது, ஆட்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துக் கூட்டுவது. மொத்தம் 24. ஆறைத் தொட்டால் நோவுக்கு மருந்து வேண்டும். இந்த நாய்க்கு வந்தபோது 14.

மயக்கத்தைக் குறைத்து விறைப்பை நம்பியதேன்

நம் கிளினிக்குகளில் எளிதாகக் கைக்கு எட்டும் மயக்க மருந்துகள் சைலசீனும் கெட்டமினும். இளம், ஆரோக்கியமான நாயில் அவற்றை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் சைலசீன் இரத்தக்குழாய்களைச் சுருக்கி, இதயத்துடிப்பைக் குறைத்து, இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தை வெகுவாகக் குறைக்கும். வால்வு ஒழுகும் இதயத்தில், எதிரே குழாய் சுருங்கினால் இரத்தம் பின்னோக்கிப் போவதும் கூடும். கெட்டமின் தன் பங்குக்குத் துடிப்பை ஏற்றும். இரத்தசோகையும் நீரிழப்பும் உள்ள ஒன்பது வயது நாய்க்கு இரண்டையும் கொடுத்துவிட்டு மேசையருகே நிற்க எனக்கு விருப்பமில்லை. வாயு மயக்க இயந்திரம் என்னிடம் இல்லை. ஒட்சிசன் சிலிண்டரும் மூச்சுக்குழாய்க் குழல்களும் இருந்தன.

அடுத்த கேள்வி, விறைப்பூசியை எங்கே போடுவது? புண்ணைச் சுற்றிப் போடுவதுதான் எல்லோருக்கும் கைவந்த வழி. இங்கே அது வேலை செய்யாது. லிக்னோகெயின், பியூபிவகெயின் போன்ற விறைப்பு மருந்துகள் நரம்பின் சவ்வைத் தாண்டி உள்ளே போக மின்னேற்றமில்லாத நிலையில் இருக்க வேண்டும். சீழ் பிடித்த இழையம் அமிலத்தன்மை கூடியது. அங்கே மருந்தின் பெரும்பகுதி மின்னேற்றம் பெற்று வெளியிலேயே நின்றுவிடும். அழற்சி உள்ள இடத்தில் இரத்த ஓட்டமும் அதிகம், போட்ட மருந்தை அடித்துக்கொண்டு போய்விடும். கிருமியை ஊசியோடு மேலே தள்ளும் ஆபத்து வேறு. ஆகவே நல்ல இழையம் உள்ள இடத்துக்கு, முழங்கைக்கு மேலே போனேன். அங்கே ரேடியல், மீடியன், அல்னார், மஸ்குலோகியூட்டேனியஸ் என்ற நான்கு நரம்புகளையும் இரண்டு குத்தில் பிடித்துவிடலாம்.

ஐயா கவலையோடு கேட்டார். “விரலில நோவு, தோளடியில ஊசி போட்டா எப்படி டொக்டர்?”

“உன்னிச்சைக் குளத்து மதகை அடைச்சா உங்கட வாய்க்கால்ல தண்ணி ஓடாது தானே ஐயா. நரம்புக்குள்ள அப்படி ஆயிரக்கணக்கில மதகு இருக்கு. இந்த மருந்து அதை அடைக்கும்” என்றேன்.

அவர் சொன்னார். “அப்ப வயல்ல நிண்டு அடிச்சுக்கொள்ளத் தேவையில்ல. மேலயே மறிச்சா முடிஞ்சுது.”

அவருக்கு அது முழுதாகவே விளங்கிவிட்டது. மதகு என்று நான் சொன்னது சோடியம் வழிகளை. நரம்புச் செய்தி ஓடுவது சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதால்தான். வழியை மருந்து அடைத்துவிட்டால் செய்தி முள்ளந்தண்டுக்கே போய்ச் சேராது. மயக்க மருந்து பெரும்பாலும் மூளையைத்தான் தூங்க வைக்கிறது. கத்தி படும்போதெல்லாம் செய்தி முள்ளந்தண்டுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். அங்குள்ள நரம்புகள் கூர்மையடைந்து, விழித்த பிறகு சின்னத் தொடுகையும் பெரு நோவாகத் தெரியும். சைலசீனுக்கும் கெட்டமினுக்கும் நோவைக் குறைக்கும் குணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது குறுகிய நேரம்தான், அன்றிரவு வரை வராது.

அளவு

முதலில் எடை போட வேண்டும். கண் மதிப்பில் 14 கிலோவும் 18 கிலோவும் ஒரே மாதிரித் தெரியும்.

நாய்க்கு லிக்னோகெயின் கிலோவுக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் நான் போவதில்லை. பியூபிவகெயின் கிலோவுக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் யாரும் போகக்கூடாது. 0.5 சதவீத பியூபிவகெயினில் ஒரு மில்லிலீற்றருக்கு 5 மில்லிகிராம் இருக்கிறது. ஆக இந்த நாய்க்கு உச்சவரம்பு 28 மில்லிகிராம், அதாவது 5.6 மில்லிலீற்றர். வெளிப்பக்கக் குத்துக்குக் கிலோவுக்கு 0.1 மில்லிலீற்றர் என்று 1.4, உட்பக்கத்துக்கு 0.15 என்று 2.1. மொத்தம் 3.5 மில்லிலீற்றர், 17.5 மில்லிகிராம், கிலோவுக்கு 1.25. இதோடு, குத்தும் இரு இடங்களிலும் தோலை விறைக்க 2 சதவீத லிக்னோகெயின் மொத்தம் அரை மில்லிலீற்றர், 10 மில்லிகிராம்.

இந்த இரண்டு மருந்தின் நச்சும் ஒன்றோடொன்று கூடும் என்பது பலருக்கு மறந்துபோகிறது. பியூபிவகெயினில் உச்சவரம்பின் 62 சதவீதம், லிக்னோகெயினில் 12 சதவீதம், சேர்த்தால் 74. மீதி 26 சதவீதம் கையிருப்பு. விறைப்பு எங்கேனும் பிடிக்காவிட்டால் கூடப் போட அவ்வளவுதான் இடம்.

பியூபிவகெயினைத் தெரிந்தெடுத்தது நீடிப்புக்காக. லிக்னோகெயின் ஐந்து, பத்து நிமிடத்தில் பிடித்து ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் விட்டுவிடும். பியூபிவகெயினுக்கு 20 முதல் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், ஆனால் நான்கு முதல் எட்டு மணி நேரம் நிற்கும். இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலப்பவர்கள் உண்டு. சீக்கிரம் பிடித்து நெடுநேரம் நிற்கும் என்ற எண்ணம். நடைமுறையில் ஒன்று மற்றதை நீர்த்துப்போகச் செய்கிறது, நீடிப்பு குறைகிறது. நான் கலப்பதில்லை. அட்ரினலின் கலந்த குப்பியையும் விரல், வால் நுனி, காது நுனிப் பக்கம் கொண்டுபோவதில்லை. ஏற்கெனவே இரத்த ஓட்டம் தத்தளிக்கும் நான்காம் விரலுக்குப் பக்கத்தில் அது வேண்டவே வேண்டாம்.

போட்ட விதம்

காலையில் வந்ததிலிருந்து ரிங்கர் லக்டேற் ஏற்றினோம். பற்றாக்குறை ஏறத்தாழ ஒரு லீற்றர். இதய இரைச்சல் இருப்பதால் அவசரப்படாமல், அரை லீற்றரை நான்கு மணி நேரத்தில் விட்டு, மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தோம். நோவுக்கும் அமைதிக்குமாக முதலில் பியூட்டோர்ஃபனோல் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். கிருமிக்கு நாளத்தில் அமொக்சிசிலின் கிளவுலனேற். மதியத்துக்குள் இதயத்துடிப்பு 118க்கு இறங்கியது.

ஊசி போடுமுன் பியூட்டோர்ஃபனோல் இன்னொரு தடவை, கூடவே அமைதிப்படுத்தும் மிடசோலம் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், இரண்டும் நாளத்தில் மெதுவாக. நாய் படுத்தது. கண் திறந்திருந்தது, பெயர் சொன்னால் காது அசைந்தது. முகத்துக்கு ஒட்சிசன் முகமூடி. தேவைப்பட்டால் மூச்சுக்குழலில் குழல் போடப் புரொபோஃபோல் என்ற மயக்க மருந்தைச் சிரிஞ்சில் எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

வெளிப்பக்கம்: மேற்கை எலும்பின் கீழ் மூன்றிலொரு பகுதியில், பிரேக்கியாலிஸ் தசைக்கும் ட்ரைசெப்ஸின் வெளித்தலைக்கும் இடையே ரேடியல் நரம்பு எலும்பைச் சுற்றி இறங்குகிறது. விரலால் உருட்டினால் மெலிந்த நாயில் நூல் போலத் தட்டுப்படும். உட்பக்கம்: பைசெப்ஸுக்கும் ட்ரைசெப்ஸின் உட்தலைக்கும் நடுவே பிரேக்கியல் நாடி துடிப்பதை விரலால் பிடித்து, அதன் முன்னும் பின்னும் மருந்தை விட வேண்டும். நாடி விரலுக்கடியில் இருக்கும்போதுதான் நரம்புகளும் பக்கத்தில் இருக்கின்றன, ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. 22 அளவு ஊசி, ஒவ்வொரு முறையும் பின்னால் இழுத்துப் பார்த்து, இரத்தம் வராவிட்டால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவது. பியூபிவகெயின் நேரே இரத்தத்துக்குள் போனால் இதயத்தைப் பிடித்துக்கொள்ளும், எளிதில் விடாது. தசை துடிப்பது, வலிப்பு, பிறகு இதயத்துடிப்பு குழம்புவது என்பது பொதுவான வரிசை. மயக்கத்தில் உள்ள நாயில் முதல் அறிகுறிகள் மறைந்தும் போகலாம். அப்படி நேர்ந்தால் 20 சதவீதக் கொழுப்புத் திரவம், கிலோவுக்கு 1.5 மில்லிலீற்றர் நாளத்தில் ஏற்றுவதுதான் வழி. அந்தப் போத்தலும் மேசையில் இருந்தது.

மதியம் 1.10க்கு இரண்டாவது குத்து முடிந்தது. பிறகு காத்திருந்தோம். இந்தக் காத்திருப்பில்தான் பல நல்ல விறைப்பூசிகள் கெட்டுப்போகின்றன. வெளியே ஆட்கள் வரிசையில் நிற்கும்போது 25 நிமிடம் சும்மா நிற்பது கடினம். மயிர் வழிப்பது, கழுவுவது, கருவிகளைப் பரப்புவது எல்லாவற்றையும் அந்த நேரத்துக்கு ஒதுக்கிவைத்தால் அது வீணாவதில்லை.

1.35க்கு விரலிடைச் சவ்வை இடுக்கியால் நசுக்கினேன். கால் பின்வாங்கவில்லை, துடிப்பு ஏறவில்லை. வலது முன்னங்காலில் அதே மாதிரி நசுக்கியபோது வெடுக்கென்று இழுத்தது. ஆக இடது கால் அமைதியாக இருந்தது மயக்கத்தால் அல்ல.

சத்திரசிகிச்சை

முதல் வேலை கம்பி. அது தோலுக்குள் புதைந்து, மேலே சதை மூடத் தொடங்கியிருந்தது. காலையில் கம்பியின் நுனியில் விரல் பட்டதற்கே நாய் வாய்க்கட்டோடு திரும்பிக் கடிக்க வந்தது. இப்போது இடுக்கியை உள்ளே விட்டு, வெட்டி, இழையிழையாக உருவி எடுத்தோம். இதயத்துடிப்பு 108. எடுத்து முடித்தபோதும் 108.

ஐந்தாம் விரலை அது உள்ளங்கை எலும்போடு சேரும் மூட்டில் பிரித்து எடுத்தேன். நாயின் பாரத்தை அதிகம் தாங்குவது நடுவிலுள்ள மூன்றாம், நான்காம் விரல்கள். ஐந்தாமது போனால் நடை பெரிதாகக் கெடாது, நான்காமதை எப்பாடுபட்டாவது காப்பாற்ற வேண்டும். மூட்டின் தசைநாரை அறுக்கும் கட்டத்தில் துடிப்பு 112 வரை போய்த் திரும்பியது. மூச்சு மாறவில்லை. புரொபோஃபோல் தொடப்படாமலே இருந்தது. அழுகிய இழையத்தை அகற்றி, ஒரு லீற்றருக்கு மேல் சேலைனால் கழுவி, தோலைப் பாதி மட்டும் தைத்து, கீழ்ப்பகுதியை வடிய விட்டேன். கத்தி வைத்ததிலிருந்து கட்டு முடியும் வரை 40 நிமிடம்.

அன்று மாலையும் பிறகும்

மூன்று மணிக்கு நாய் எழுந்து நின்றது. இடது பாதம் துணி போல மடிந்து, மேற்பக்கம் தரையில் உரசியது. மகள் பயந்துபோனாள். “கால் செத்துப் போயித்தா டொக்டர்?”

உணர்வு நரம்பை விறைக்க வைக்கும் மருந்து அசைவு நரம்பையும் சேர்த்துத்தான் விறைக்க வைக்கிறது. முழங்கையை நீட்டும் தசைக்குப் போகும் கிளைகள் மேலேயே பிரிந்துவிடுவதால் நாய் காலை ஊன்ற முடிந்தது. பாதத்தைத் தூக்கும் தசைகள்தான் தற்காலிகமாக வேலை செய்யவில்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், பாதத்துக்குத் தடித்த கட்டும் போட வேண்டும். விறைத்த காலை நாய் சுரணையில்லாமல் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். சிலது கடித்தும்விடும்.

நோவு மதிப்பெண் மாலை ஐந்து மணிக்கு 3. ஆறு மணிக்கு நாய் நன்றாகச் சிறுநீர் கழித்திருந்தது, நீரிழப்பு தீர்ந்திருந்தது. அப்போதுதான் நோவையும் அழற்சியையும் குறைக்கும் மெலொக்சிகாம் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் தோலடியில் போட்டேன். காய்ந்த உடம்பில் இந்த வகை மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதேநேரம், விறைப்பு விடும் முன்பே அது வேலை செய்யத் தொடங்கியிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த நேரத்தைப் பிடிப்பது முக்கியம். எட்டு மணிக்குப் பாதத்தைக் கிள்ளியபோது காலை இழுத்தது. ஏறத்தாழ ஏழு மணி நேரம் விறைப்பு நின்றிருக்கிறது. மதிப்பெண் 4. சோறும் மீனும் பிசைந்து வைத்ததைத் தின்றது. மறுநாள் காலை 5. ஒரு தடவையும் ஆறைத் தொடவில்லை.

வீட்டுக்கு மெலொக்சிகாம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் நாளுக்கு ஒரு வேளை, ஐந்து நாள். “பனடோல் குடுக்கலாமா?” என்று ஐயா கேட்டார். நாய்க்கு 500 மில்லிகிராம் மாத்திரையில் கால்வாசி, நாளுக்கு இரண்டு வேளை, மூன்று நாள் மட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டில் பூனையும் இருப்பதாகச் சொன்னதால் அட்டையில் பெரிதாக எழுதினேன்: பூனைக்குப் பனடோல் ஒரு துண்டும் கொடுக்கக்கூடாது, செத்துப்போகும். டைக்ளோஃபெனக், புரூஃபன் நாய்க்கும் கூடாது.

தையல் 14ஆம் நாள் பிரித்தோம். திறந்து விட்ட பகுதி அடுத்த இரண்டு வாரத்தில் மூடியது. நான்காம் விரல் தப்பியது, சுற்றிவர மயிரில்லாத தழும்போடு. ஆறாம் வாரத்தில் வரம்பில் ஓடும்போது எந்தக் காலில் விரலில்லை என்று தெரியாத அளவுக்கு நடை இருந்தது. மார்பு எக்ஸ்ரேயில் இதயம் பெருத்திருக்கவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

இதிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்

ஒரு நாயில் கண்டதை வைத்துப் பெரிய கணக்குப் போட முடியாது. பியூட்டோர்ஃபனோலும் கொடுத்திருக்கிறேனே, அமைதி அதனால் வந்ததில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த மருந்தின் நோவு நீக்கம் நாயில் ஒரு மணி நேரம் அளவுதான், எலும்பு மூட்டைப் பிரிக்கும் நோவுக்கு அது எட்டவும் எட்டாது. வலது கால் இழுத்ததும் இடது கால் இழுக்காததும், ஐந்து மணிக்கு மதிப்பெண் 3 இருந்ததும் விறைப்பையே காட்டுகின்றன. கைவிரலால் தேடிப் போடும் இந்த முறை எப்போதும் பிடிக்கும் என்றும் சொல்லமாட்டேன். நரம்பைத் தூண்டிப் பார்க்கும் கருவியோ ஸ்கேனோ இருந்தால் தவறுவது குறையும். அவை இல்லாத இடத்தில் கிள்ளிப் பார்க்காமல் கத்தி வைக்கக்கூடாது.

உலகச் சிறுபிராணி கால்நடை வைத்தியர் சங்கத்தின் நோவு வழிகாட்டல் 2014இலும் புதுப்பித்து 2022இலும் வந்தது. முடிந்த ஒவ்வொரு சத்திரசிகிச்சையிலும் விறைப்பூசி சேர வேண்டும் என்பதில் அது தெளிவாக இருக்கிறது. லிக்னோகெயின் 1943இல் சுவீடனில் உருவாகி 1948இல் சந்தைக்கு வந்த மருந்து. விலை குறைவு, மோர்ஃபின் போலப் பூட்டி வைத்துக் கணக்குக் காட்டவும் தேவையில்லை. மாட்டுக்காக அது ஏற்கெனவே எல்லோர் பெட்டியிலும் இருக்கிறது. கடுவனுக்கு நலமடிக்கும்போது ஒவ்வொரு விதைக்குள்ளும் கிலோவுக்கு 1 மில்லிகிராம் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. வாவியோரத்து நாய்களின் உதட்டில் தூண்டில் கொளுவினால், முள்ளைத் தள்ளி வெட்டுமுன் சில துளி போதும். புழுப்புண் கழுவும்போது நாய் கத்துவதைக் கேட்டுப் பழகிவிட்டோம். பழக வேண்டியதில்லை. முன்கூட்டி லிக்னோகெயின் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வைக்கலாம். திறந்த புண் மருந்தை உறிஞ்சும் என்பதால் அந்த அளவையும் மொத்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கணக்கு கைமீறுவது பெரும்பாலும் சின்ன உடம்பில்தான். மூன்று கிலோ நாய்க்குட்டிக்கு லிக்னோகெயினின் உச்சவரம்பு 18 மில்லிகிராம், 2 சதவீத மருந்தில் 0.9 மில்லிலீற்றர். கிழிந்த தோலைச் சுற்றிப் போட அது பற்றாது போலத் தெரியும், கை தானாக இரண்டாவது சிரிஞ்சை எடுக்கும். அப்படி எடுக்காமல், முதலில் உச்ச அளவை ஒரே சிரிஞ்சில் எடுத்து, அதற்குள் சம அளவு சேலைன் இழுத்து 1.8 மில்லிலீற்றராக்கிக்கொள்ளலாம். ஒரு சதவீதமும் தோலுக்கு நன்றாகவே பிடிக்கும். பூனைக்கு இந்த அளவிலும் குறைவு: லிக்னோகெயின் கிலோவுக்கு 3 மில்லிகிராம், பியூபிவகெயின் 1 மில்லிகிராம். எடுத்த அளவை, போட்ட நேரத்தை, கிள்ளிப் பார்த்த விடையை அட்டையில் எழுதிவைத்தால், அன்றிரவு நாயைப் பார்க்கப் போகும் அடுத்த ஆளுக்கு எத்தனை மணிக்கு நோவு திரும்பும் என்று தெரிந்திருக்கும்.